நூற்று நாற்பதாவது அடி

என் வீட்டுக்காரருடைய இடது காலில் இரத்தக் குழாய் அடைத்துக் கிடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான். டொக்டர் அல்ல, ஸ்கானும் அல்ல, சண்டிலிப்பாயில் சாறிக்குச் சட்டை தைக்கிற பாலேஸ்வரி. இதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன் என்று என் தங்கச்சி நக்கலடிக்கிறாள். அடிக்கட்டும். அவள் கண்டுபிடித்திருந்தால் பேப்பரிலேயே போட்டிருப்பாள்.

அவர் பெயர் அருளம்பலம். அறுபத்தொரு வயது. புகையிலையும் மரக்கறியும் செய்கிற தோட்டக்காரர். கதை குறைவு. கலியாணமாகி முப்பத்தாறு வருசத்தில் அவர் என்னோடு கதைத்ததையெல்லாம் கூட்டி எடுத்தால் ஒரு கிழமைக்குக் காணாது. வழியில் யாராவது சுகம் கேட்டால் தலையை ஒரு பக்கம் ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லாத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

மாசி மாதம் புகையிலை வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அம்புலன்ஸில் அவருடைய கையைப் பிடித்தபடி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கை வியர்த்துக் குளிர்ந்துபோயிருந்தது. அந்த அரை மணித்தியாலத்தில் நான் வைத்த நேர்த்திகளை இன்னும் நிறைவேற்றி முடிக்கவில்லை.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இருதயத்தில் அடைத்திருந்த இடத்தைத் திறந்து, அது திரும்ப ஒடுங்காமல் இருப்பதற்கு ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். பிறகு படத்தைக் காட்டினார்கள். முன்னம் இரத்தம் போகாமல் நின்ற இடத்தால் இப்போது ஓடியது. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. வாய்க்காலில் அடைப்பை எடுத்துவிட்டால் தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போகும்தானே, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று டொக்டர் கேட்டா: "நடக்கேக்கை கால் நோகிறதோ ஐயா?"

"சீச்சீ, இல்லை" என்றார் இவர்.

இருதயத்தில் வருத்தம் வந்த மனுசனிடம் எதற்குக் காலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சைக்கிளைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். பின்னேரங்களில் வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினார். அப்போதுதான் ஊருக்கே அதிசயம் நடந்தது. என் வீட்டுக்காரர் கதைக்கத் தொடங்கினார்.

முதலில் ஏரம்பு அண்ணையின் படலையடியில் நிற்பார். ஏரம்பு அண்ணை தபால் கந்தோரிலிருந்து பென்ஷன் எடுத்தவர். படலையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. இரண்டு பேரும் மிளகாய்ப் பூச்சியில் தொடங்கி மழை, பெற்றோல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று கதைப்பார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை வாசல். பிறகு கிணற்றடி. யாரைக் கண்டாலும் நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சுகம் விசாரித்தார்.

"அண்ணை நல்லா மாறிப்போட்டார். இருதயத்திலை கை வைச்ச டொக்டர்மார் உள்ளுக்கை என்னவோ செய்துதான் விட்டிருக்கினம்" என்றார்கள் சங்கக்கடையில்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இதை ஒளிக்க மாட்டேன். முப்பத்தாறு வருசம் ஊமையோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது சின்னக் காரியமா? சட்டை தைக்க வந்த பெண்களிடம், "இப்ப எங்கடை ஆள் வழி முழுக்கக் கதையெல்லோ" என்று நானாகவே எடுத்துவிட்டேன். நல்லாய் ஏமாந்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் நானும் அவரோடு நடந்தேன். கிணற்றடி தாண்டினால் ஒரு வெறுங்காணி. அங்கே வீடும் இல்லை, படலையும் இல்லை, கதைக்க ஆளும் இல்லை. ஒரு மின்கம்பம் மட்டும் நிற்கிறது. அதில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. இவர் அதன் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். செத்தவர் காங்கேசன்துறைப் பக்கத்துக்காரர்.

"உவரை உங்களுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அடுத்த நாளும் நின்று வாசித்தார். அதற்கடுத்த நாளும் வாசித்தார். நாலாம் நாள் பார்த்தால், மழையில் நனைந்து படம் கரைந்து, பேரும் அழிந்து, கடதாசி வெறும் கடதாசியாகத் தொங்குகிறது. அதையும் நின்று வாசித்தார்.

அன்றைக்குத்தான் எனக்குள்ளே ஏதோ இடறியது. அடுத்த நாள் அவருக்குப் பின்னால் நடந்து அடிகளை எண்ணினேன். எங்கள் வீட்டிலிருந்து ஏரம்பு அண்ணையின் படலை நூற்று நாற்பது அடி. அங்கே கதை. அங்கிருந்து சங்கக்கடை நூற்று முப்பத்தெட்டு. சங்கக்கடையிலிருந்து கிணற்றடி நூற்று நாற்பத்தொன்று. மின்கம்பமும் அதே அளவுதான். முப்பது வருசமாக அளவெடுக்கிற எனக்கு, ஒரே அளவு நாலு தரம் வந்தால் அது தற்செயல் இல்லை என்று தெரியாதா? நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவருடைய இடது குதி நிலத்தில் படவில்லை. சிரித்துச் சிரித்துக் கதைக்கிறார், கை மட்டும் மெல்லக் கீழே போய்க் கெண்டைக்காலைத் தடவுகிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்திருந்தபோது அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் இருந்தேன். மனிதருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இராது. கால் அங்குலம் கூடக் குறைய வரும். இவருடைய இடது கெண்டை வலது கெண்டையைவிட ஒன்றேகால் அங்குலம் மெலிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மயிர் உதிர்ந்து, தோல் பளபளவென்று கிடந்தது. பாதத்தைத் தொட்டேன். வலது பாதம் சூடாக இருந்தது. இடது பாதம் குளிர்ந்துபோயிருந்தது. மாசியில் அம்புலன்ஸில் பிடித்த கை ஞாபகம் வந்தது.

அவர் கண் முழித்தார். "என்ன செய்யிறீர்?"

"அளவெடுக்கிறன்."

"காலுக்கு என்ன தைக்கப்போறீர்?"

"பகிடி விடாதேங்கோ. இந்தக் கால் எவ்வளவு நாளா நோகுது?"

காலை மெல்ல இழுத்துக்கொண்டார். "இரண்டு வருசம் இருக்கும். நடந்தால் கெண்டை இறுக்கிப் பிடிக்கும். நிண்டால் விட்டிடும்."

"ஆஸ்பத்திரியிலை கேட்டவையெல்லே! ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"கால் நோகுது எண்டால் சாமி காவ விடுவினமோ?"

அதுதான் விஷயம். ஆனி மாதம் எங்கள் பிள்ளையாருக்குத் திருவிழா. ஏழாம் நாள் எங்கள் வீட்டு உபயம். அன்று பகல் பிள்ளையார் வாகனத்தில் வெளிவீதி சுற்றும்போது, வலப்பக்கத்து முன் தடி இவருடைய தோளில்தான் இருக்கும். இருபத்துமூன்று வயதில் ஏற்றது. இடம்பெயர்ந்து போய் வந்த வருசங்களைத் தவிர ஒரு முறையும் இறக்கவில்லை. பின்னால் முப்பது பேர் காவினாலும் முன் தடிக்காரர் வைக்கிற காலுக்குத்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். இவர் நடந்தால் பிள்ளையார் அசைந்து வருகிற அழகே தனி. பெண்கள் பக்கத்தில் கைகூப்பி நிற்கிற நான் எத்தனையோ வருசம் பிள்ளையாரைப் பார்க்காமல் இவருடைய தோளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிள்ளையார் மன்னிப்பார்.

"உங்களுக்கு விசரோ? வீதியிலை விழுந்தால்?"

"விழமாட்டன். திருவிழா முடியட்டும், பிறகு சொல்லுவம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

நான் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கோயில் செயலாளர் சுதாகரன் சட்டைத் துணி கொடுக்க வந்தவர், வாசலில் நின்று புகழ்ந்து தள்ளினார். இவர் கோயிலுக்குப் போய், இந்த முறை ஏழாம் திருவிழாவுக்கு நாலு மூலையிலும் மேளச் சமா வைக்க வேண்டும், தவில்காரர் ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"அண்ணைக்கு இசையிலையும் ஈடுபாடு வந்திட்டுது அக்கா" என்றார் சுதாகரன்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாதஸ்வரத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? வீதியின் ஒரு பக்கம் நூற்றுச் சொச்சம் அடி. மூலையில் வாகனத்தை இறக்கி வைத்து மேளம் வாசித்தால், அந்த நேரத்துக்குள் கால் நோ விட்டுவிடும். கணக்குப் பார்த்துப் பிள்ளையாரையும் தன்னோடு நிறுத்தப் பார்க்கிறார் மனுசன்!

அன்று முடிவெடுத்தேன். கோவித்தால் கோவிக்கட்டும்.

ஏழாம் திருவிழாவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கிளினிக். டொக்டர் தயாளினி உடுப்பிட்டிப் பிள்ளை. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். பக்கத்தில் நாலு மாணவர்கள் கொப்பியோடு நின்றார்கள். இருதயத்தைப் பரிசோதித்துவிட்டு, "நல்லாயிருக்கு ஐயா. நெஞ்சு நோ, மூச்சு வாங்குறது, கால் நோ ஒண்டுமில்லையே?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை" என்றார் இவர்.

"பொய்" என்றேன் நான்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயை நிறுத்தவில்லை. நூற்று நாற்பது அடி, படலை, சங்கக்கடை, கரைந்துபோன அஞ்சலி நோட்டீஸ், ஒன்றேகால் அங்குலம், குளிர்ந்த பாதம், எல்லாவற்றையும் சொன்னேன். மேளச் சமாவையும் சொன்னேன். ஒரு மாணவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். டொக்டர் சிரிக்கவில்லை. எழும்பி வந்து, இவருடைய பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி நாடி தேடினா. வலது காலில் கிடைத்தது. இடது காலில் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பிறகு சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். கையில் இருந்ததில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட, இடது காலில்.

டொக்டர் கதிரையை இழுத்து இவருக்கு முன்னால் இருந்தா.

"ஐயா, இருதயத்திலை நாங்கள் ஸ்டென்ட் வைச்சது ஒரு இடத்துக்கு மட்டும்தான். வருத்தம் அந்த ஒரு இடத்திலை இல்லை. உடம்பு முழுக்க ஓடுற குழாயளிலை இருக்கு. காலிலையும் அடைச்சிருந்தால், ஸ்டென்ட் வைச்ச பிறகும் அந்த ஆக்களுக்குத் திரும்ப மாரடைப்பு வாறது, பாரிசவாதம் வாறது, உயிர் போறது, எல்லாம் மற்ற ஆக்களைவிடக் கூட. அதுக்குத்தான் கால் நோகுதோ எண்டு கேட்டுக் கேட்டுப் பாக்கிறனாங்கள். நீங்கள் இல்லையெண்டு சொன்னால், நாங்கள் பயப்பிட வேண்டிய அளவுக்குப் பயப்பிடாமல் உங்களை வீட்டை அனுப்பிப்போடுவம்."

டொக்டர் மருந்துத் துண்டை எடுத்து எழுதத் தொடங்கினா.

"குளிசை ஒண்டும் விடக்கூடாது. கொழுப்புக் குளிசையைக் கூட்டித் தாறன். காலுக்கு ஸ்கான் எடுப்பம். சுருட்டு விட்டிட்டீங்கள்தானே?"

"பத்துறேல்லை" என்றார் இவர். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முதல் தானே சொன்னார்: "குடிலிலை இலை பதம் பாக்கிறதுக்கு மட்டும், ஒண்டைச் சுத்திப் பாப்பன்."

எங்கள் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரருக்கு அது சுருட்டுக் கணக்கில் சேராது. குடிலில் புகை போட்டு எடுத்த இலையின் காரம் தெரிய ஒன்றைச் சுற்றிப் பற்ற வைத்துப் பார்ப்பது அவர்களுக்குத் தொழில். இவரும் ஒரு நாளைக்கு மூன்று தரம் பதம் பார்த்துவிட்டு, சுருட்டை விட்டுவிட்டதாக மனச்சாட்சியோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கடை குழாய்க்குத் தொழிலும் தெரியாது, பொழுதுபோக்கும் தெரியாது ஐயா. ஒண்டும் வேண்டாம். பதத்தை வேறை ஆரும் பாக்கட்டும்" என்றா டொக்டர். "இந்த முறை சாமியும் காவக்கூடாது. ஆனா நடையை நிப்பாட்ட வேண்டாம். நோகும்வரைக்கும் நடவுங்கோ, நில்லுங்கோ, நோ விட்டாப்பிறகு திரும்ப நடவுங்கோ. அதுதான் இந்தக் காலுக்கு மருந்து. நீங்கள் செய்துகொண்டிருந்தது சரியான வைத்தியம். ஒளிச்சுச் செய்ததுதான் பிழை."

பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினா. "எழுதிக்கொள்ளுங்கோ. இந்த நோயைக் கண்டுபிடிச்சது இந்த அம்மா. அளவு நாடாவாலை."

நாலு பேரும் எழுதினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் சொன்னதை, டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். அந்த நிமிசத்தில் எனக்கு இருந்த பெருமையை அளக்க என்னிடம் நாடா இல்லை.

வரும்போது பஸ்ஸில் இவர் முன் சீற்றில் தனியாகப் போய் இருந்துகொண்டார். ஐந்து நாள் என்னோடு ஒரு சொல் இல்லை. பழைய அருளம்பலம் திரும்பி வந்துவிட்டார். சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் சாப்பிட்டார், குளிசையைக் கொடுத்தால் விழுங்கினார். நானும் இறங்கிப் போகவில்லை. கதைக்காவிட்டால் என்ன, உயிரோடு இருந்து கதைக்காமல் இருக்கட்டும். ஆனால் ஒரு பயம் மட்டும் உள்ளே கிடந்து அரித்தது. திருவிழா அன்று நாலு பேர் "வா அண்ணை" என்று கூப்பிட்டால், இந்த மனுசன் ரோசத்தில் தோளைக் கொடுத்துவிடுவார்.

ஏழாம் திருவிழா. வசந்த மண்டபத்தில் பூசை முடிந்து பிள்ளையார் வாகனத்தில் எழுந்தருளியிருந்தார். வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக ஆண்கள் தடிகளுக்குக் கீழே போய் நின்றார்கள். வலப்பக்கத்து முன் தடி மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. அதைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"அருளம்பலண்ணை, வாங்கோவன்" என்று சுதாகரன் கூப்பிட்டார்.

இவர் நடந்து போனார். தடியில் கையை வைத்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் இழுத்து வரலாமா என்றுகூட நினைத்தேன்.

தடியைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பினார். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"என்னாலை ஏலாது. எனக்குக் காலிலை குழாய் அடைச்சுக் கிடக்கு. நடந்தால் நோகும். சுதாகரன், நீ பிடி."

முப்பத்தாறு வருசத்தில் இந்த மனுசன் தன்னால் ஏலாது என்று யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. கிணறு வற்றிய வருசத்திலும் சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த அன்றும் சொல்லவில்லை. இப்போது நூறு பேருக்கு முன்னால், பிள்ளையாருக்கு முன்னால், பச்சையாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. முன் தடியைத் தோளில் வைத்து நடந்த எந்த வருசத்திலும் நான் அவரைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

சுதாகரன் தோள் கொடுக்க, பிள்ளையார் எழும்பினார். இவர் பின்னால் நடந்தார். நானும் பெண்கள் வரிசையை விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். முதல் மூலையில் இவர் சொல்லி வைத்த மேளச் சமா நடந்தது. தவில்காரர் பாவம், ஆறுதலாகத்தான் வாசித்தார். பிறகு தெற்கு வீதி. அங்கே நடு வழியில், மூலையும் இல்லாமல் கம்பமும் இல்லாமல், இவர் நின்றார். சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது.

கடைசியாக வந்துகொண்டிருந்த ஏரம்பு அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி, ஆரையும் பாக்கிறியோ?"

"இல்லை அண்ணை. கால் நோகுது. நிண்டு வாறன்."

ஏரம்பு அண்ணை போகவில்லை. முன்னால் போகிற கூட்டத்தை ஒருக்கால் பார்த்தார். என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு குனிந்து தன் வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உனக்கு எத்தினை அடியிலை பிடிக்கும்?"

"நூற்றி நாப்பது."

"எனக்கு நூறு. அதுதான் படலைக்கு அங்காலை போறேல்லை."

சித்திரை தொடங்கி இரண்டு பேரும் அந்தப் படலையில் ஆளுக்கொரு பக்கம் நின்று மிளகாய்ப் பூச்சியைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். ஒருவர் நடந்து வந்த காலை ஆற்ற நின்றிருக்கிறார். மற்றவர் நடந்தால் நோகும் என்று படலையோடு நின்றிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றாய் நடித்திருக்கிறார்கள். அங்கே கோட்டை விட்டது நான். ஏரம்பு அண்ணைக்கும் போன வருசம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது என்பது எனக்குத் தெரியும். அவருடைய காலை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

இவர் ஏரம்பு அண்ணையின் கையைப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஐந்து நாளுக்குப் பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"இஞ்சேரும், அடுத்த கிளினிக்குக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போவம்."

"ஓம்" என்றேன்.

"அந்த டொக்டர் பிள்ளைக்கு வடிவாச் சொல்லும். இவரின்ரை கால் வருத்தத்தை நீர் கண்டுபிடிக்கேல்லை. நான்தான் கண்டுபிடிச்சனான். கொப்பியிலை அப்பிடியே எழுதச் சொல்லும்."

"சொல்லுறன்" என்றேன். "கால் விட்டிட்டுதோ?"

"விட்டிட்டுது."

ஏரம்பு அண்ணைக்கு இன்னும் விடவில்லை. ஆகவே மூன்று பேரும் இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றோம்.